புறக்காழ்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் பாதை கேரளத்துள் நுழைகிற மீனாட்சிபுரத்தில், தென்னந்தோப்பின் ஓரமாக, முன்பு மட்டையும் பன்னாடையும் குவித்து வைத்திருந்த ஓட்டுக் கொட்டகை ஒன்றைக் கூட்டிப் பெருக்கி, ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருஷம், கோயமுத்தூரில் பழைய சாமான் விற்பவர் ஒருவரிடம் வாங்கிய சிறு கடைசல் இயந்திரத்தை அதில் நிறுத்தினேன். ஆயுளின் பெரும்பகுதியைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இலக்கணம் போதிப்பதில் கழித்த ஒருவனுக்கு, கரும்பலகையும் சாக்குக்கட்டியும் தவிர வேறு உபகரணம் எதையும் கையாண்டறியாத ஒருவனுக்கு, அந்த வயதில் உளி பிடிக்கும் ஆசை எங்கிருந்து வந்தது என்று வீட்டில் கேட்டார்கள். தோட்டத்தைப் பார்க்கலாம், கோயில் காரியம் பார்க்கலாம், பேரப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம் என்பது அவர்களுடைய அபிப்பிராயம். அவை யாவும் நல்ல காரியங்களே. ஆனாலும் என் மனம் அந்தக் கொட்டகையில்தான் இருந்தது.

இதற்கெல்லாம் முகாந்தரம் என் தாயாரின் கட்டில். அதன் நான்கு கால்களில் ஒன்றைக் கரையான் தின்றுவிட, மற்றொரு காலை மாதிரிக்காகக் கழற்றி எடுத்துக்கொண்டு, எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சிப் பக்கம் இருந்த ஒரு கடைசல் பட்டறைக்குச் சென்றேன். முதிய ஆசாரி ஒருவர் சதுரமாய் அறுத்த தேக்குக் கட்டையை இரண்டு முனைகளுக்கிடையே பொருத்தி விசையை முடுக்கினார். நாலு மூலையும் கூர்மையாய் இருந்த அந்தக் கட்டை, சுழலத் தொடங்கிய கணத்திலேயே மூலைகளையெல்லாம் இழந்து, உள்ளே கறுத்தும் வெளியே புகைபோல வெளிறியும் தெரிகிற ஓர் உருவமாய் மாறியதும், அந்தப் புகைக்குள் அவர் அச்சமின்றி உளியை நுழைத்ததும், புகை கரைந்து திடமான உருளை ஒன்று பிறந்து வந்ததும், பிறகு அந்த உருளையில் குடமும் கழுத்தும் வளையமும் ஒவ்வொன்றாகத் தோன்றியதும் இன்றும் என் கண்முன் நிற்கின்றன. நான் எடுத்துச் சென்ற பழைய காலை அவர் இரண்டு முறைக்கு மேல் பார்க்கவில்லை. புதிய கால் கைக்கு வந்தபோது, எது எழுபது வருஷத்துக்கு முந்தியது, எது அன்றைக்குப் பிறந்தது என்பதை நிறத்தைக் கொண்டு மட்டுமே சொல்ல முடிந்தது.

திரும்பி வருகையில் ஒரு சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. மரத்தை இவ்வாறு உருட்டிச் செதுக்கும் தொழிலுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் கடைசல். செய்யும் வினைக்குப் பெயர் கடைதல். தயிரைக் கடைகிறோம், கீரையைக் கடைகிறோம், முற்காலத்தார் கட்டையோடு கட்டையை வைத்துத் தீயைக் கடைந்தார்கள், தேவரும் அசுரரும் பாற்கடலைக் கடைந்ததாகப் புராணம் சொல்லுகிறது. இத்தனைக்கும் பொதுவான ஒரு வினையைத் தச்சர்கள் எதற்காகக் கட்டில் காலுக்கும் பம்பரத்துக்கும் கொண்டு வந்தார்கள்? மின்சார மோட்டாரால் ஓடும் இன்றைய இயந்திரத்தைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. மோட்டார் வருவதற்கு முன் இருந்த கடைசல் முறையை நினைவுக்குக் கொண்டு வர வேண்டும். கட்டையின் மீதோ அதைத் தாங்கும் உருளையின் மீதோ கயிற்றை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, அதன் இரு தலைப்புகளையும் ஒருவர் மாற்றி மாற்றி இழுக்க, கட்டை முன்னும் பின்னுமாய்ச் சுழலும். முன்னோட்டத்தில் உளி வெட்டும், பின்னோட்டத்தில் சற்றே விலகி நிற்கும். மத்தும் கயிறுமாய் நம் பாட்டிமார் மோர் கடைந்த அதே ஏற்பாடு இது. மத்துக்குப் பதில் மரக்கட்டை, தயிருக்குப் பதில் உளி. வேறு பேதம் இல்லை. மந்தர மலையும் வாசுகியும்கூட இந்த ஏற்பாட்டின் பிரம்மாண்டமான ரூபம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எகிப்து தேசத்தில், கிறிஸ்துவுக்கு முன் சுமார் 300ஆம் ஆண்டை ஒட்டிய பெட்டோசிரிஸ் என்னும் குருவின் கல்லறைச் சுவரில், ஒருவன் கயிறு இழுக்க மற்றொருவன் உளி பிடிக்கும் சித்திரம் ஒன்று இருக்கிறது. கடைசல் தொழிலைக் காட்டும் மிகப் பழைய சித்திரம் அதுவே என்பார்கள். ஆங்கிலேயர் இந்த வேலையைத் திருப்புதல் என்ற பொருளில் வழங்குகிறார்கள். தமிழும் மலையாளமுமோ, கயிறு போய் மோட்டார் வந்த பிறகும், அந்தக் கயிற்றைத் தங்கள் சொல்லுக்குள் பத்திரப்படுத்தி வைத்திருக்கின்றன. எங்கள் ஊரில் எல்லைக்கு இந்தப் பக்கம் கடச்சில் என்பார்கள். அந்தப் பக்கம் கடைசல். கொச்சி சமஸ்தானத்துக்கு உட்பட்டிருந்த சித்தூர் தாலுகாவையும் சென்னை மாகாணத்தையும் பிரித்த கோடு, 1956இல் இரண்டு மாநிலங்களின் கோடாயிற்று. பால் வண்டிகளும் மாங்காய் லாரிகளும் நின்று சோதனைக்கு உட்படுகிற அந்தக் கோட்டை இந்த வினைச்சொல் ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை.

கட்டில் காலைக் கடைந்து தந்த அந்த ஆசாரியாரையே குருவாக வரித்துக்கொண்டேன். வாரத்தில் இரண்டு நாள் அவருடைய பட்டறையில் போய் நிற்பேன். முதல் மாதம் முழுதும் எனக்கு அவர் மரத்தைத் தொடக் கொடுக்கவில்லை. சாணைக்கல்லைக் காட்டி, உளிக்குச் சாணை பிடிக்கச் சொன்னார். தகட்டுளி, குழியுளி, துண்டிக்கும் உளி என ஒவ்வொன்றின் முனைக்கும் ஒரு சரிவு உண்டு. அந்தச் சரிவு ஒரே முகமாய் விழ வேண்டும். இரண்டு முகமாய் விழுந்தால், அடியில் இருக்கும் முகம் மரத்தின்மேல் உராய்ந்து முனையை எட்டவிடாது. மரம் வெட்டுப்படாமல் பிய்ந்துபோகும். ஒரு மாதத்துக்குப் பின் மரத்தண்டை விட்டார். அப்போது அவர் சொன்ன வார்த்தை இது: "உளியத் தள்ளாதீங்க மாஷே. மரம் தானா உளிகிட்ட வரும். நீங்க அசையாம நின்னாப் போதும்."

எழுதினால் எளிதாய்த் தெரிகிற இந்த உபதேசம் உடம்பில் இறங்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. தச்சுத் தொழிலின் மற்ற எல்லா வேலைகளிலும் மரம் அசையாமல் கிடக்க, கருவி ஓடுகிறது. இழைப்புளியும் ரம்பமும் கொட்டாப்புளியும் மனிதனுடைய பலத்தை மரத்தின்மேல் கொண்டு செலுத்துகின்றன. கடைசலில் பலம் முழுதும் மரத்தின் பக்கம் இருக்கிறது. கடைபவன் செய்ய வேண்டியதெல்லாம், உளியின் அடிப்பகுதியை முதலில் மரத்தின்மேல் சாய்த்து வைத்து, வெட்டாத அந்த ஸ்பரிசத்தால் சுழற்சியை உணர்ந்து, பிறகு பிடியை மெல்ல மெல்ல உயர்த்தி, முனை மரத்தைச் சந்திக்கும் இடத்தில் நிறுத்திக்கொள்வது. கையால் உளியை நகர்த்துகிறவன் நடுக்கத்தையும் சேர்த்து நகர்த்துகிறான். இடுப்போடு பிடியை அணைத்துக்கொண்டு உடம்பே ஒருபுறத்திலிருந்து மறுபுறத்துக்குச் சாய்கிறவனுக்குத்தான் வளைவு தடையின்றி வரும். சரியாய் வெட்டும்போது சீவல் நாடாவைப் போல் நீண்டு தோளைத் தாண்டி விழுகிறது. பிசகும்போது தூளாய்ப் பறந்து மூக்கில் ஏறுகிறது. கண்ணைவிடக் காது முந்திச் சொல்லும். நல்ல வெட்டுக்கு ஒரு சீரான சீறல் உண்டு. அது மாறினால் முனை மழுங்கிற்று என்றோ, உள்ளே கணு வருகிறது என்றோ, கட்டை முனையில் தளர்ந்தது என்றோ அர்த்தம்.

இரண்டாம் வருஷத்தில் எனக்கு ஓர் அபாயம் நேர்ந்தது. தோட்டத்தில் விழுந்த மாமரத்தில் ஒரு கிண்ணம் கடைந்துகொண்டிருந்தேன். கட்டில் காலில் நார் நீளவாக்கில் ஓடுவதால் உளிக்குச் சுற்றிலும் ஒரே விதமான மரமே எதிர்ப்படும். கிண்ணத்திலோ நார் குறுக்காக இருக்கிறபடியால், ஒரு சுற்றுக்குள்ளேயே இரண்டு முறை நாரின் பக்கமும் இரண்டு முறை நாரின் தலையும் மாறி மாறி உளிக்கு வருகின்றன. இதை நன்கு அறிந்திருந்தும், உட்புறத்தைச் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் முனையை, உளியைச் சாத்தி வைக்கும் தாங்கிக்கு வெளியே அதிகமாய் நீட்டிவிட்டேன். உளி கொத்தியது; கிண்ணம் பிடியிலிருந்து பிய்ந்து மேற்கூரை ஓட்டை உடைத்துக்கொண்டு போயிற்று. முகத்துக்கு மூடி அணிந்திருந்ததால் பிழைத்தேன். பிழை என்னுடையது, இயந்திரத்தினுடையதோ மரத்தினுடையதோ அல்ல. இந்த வேலையைத் தொடங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, முகமூடி வாங்காமல் உளி வாங்காதீர்கள் என்பதுதான். தளர்ந்த துண்டும் நீண்ட கைச்சட்டையும் கழுத்துச் சங்கிலியும் அந்தக் கொட்டகைக்கு வெளியே இருக்கட்டும்.

பொழுதுபோக்கு என்ற சொல்லைப் பற்றி இங்கே என் மனத்திலுள்ளதைச் சொல்ல வேண்டும். கடைசல் இயந்திரத்தின் முன் சுகமாய்ப் பொழுதைக் கழித்தவர்களில் ராஜாக்கள் பலர் உண்டு. ருஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டர் அரண்மனையில் கடைசல் கூடம் வைத்து, ஆந்திரேய் நார்தோவ் என்ற நிபுணனை உடன் இருத்தி, தந்தத்தில் தாமே கடைந்தவர். சக்கரவர்த்தி விட்டுவிட்டுப் போகலாம். குடியானவனும் ஆசாரியும் போக முடியாது. என் குருவுக்கு அது ஜீவனம். ஒரு பூரிக்கட்டைக்கும் ஒரு மத்துக்கும் கிடைக்கிற சொற்பக் கூலியில் அவர் குடும்பம் நடந்தது. ஓய்வூதியம் வாங்குகிற நான் அதே வேலையை ஆனந்தத்துக்காகச் செய்து, செய்ததை நண்பர்களுக்கு இனாமாய்க் கொடுத்து வந்தேன். ஒரு நாள், நான் இனாமாய்க் கொடுத்த ஒவ்வொரு மத்தும் அவரிடம் வாங்கப்படாத ஒரு மத்து என்பது எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து வீட்டு உபயோகத்துக்கான மத்து, உருட்டுக்கட்டை, கட்டில் கால் ஆகிய எதையும் பிறருக்காக நான் கடைவதில்லை. கேட்பவர்களை அவரிடம் அனுப்புகிறேன். கைத்தொழிலை விநோதமாகக் கொள்கிறவனுக்கு, அதைத் தொழிலாகக் கொண்டவனிடம் ஒரு கடன் உண்டு என்பது என் தீர்மானமான எண்ணம்.

அந்தக் கடன் எவ்வளவு பெரியது என்பதை நரசிங்கம்பேட்டையில் உணர்ந்தேன். கும்பகோணத்தை அடுத்த அந்தச் சிற்றூரில் ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் கடைகிறார்கள். காட்டிலிருந்து வெட்டி வந்த புதுமரத்தை அவர்கள் விரும்புவதில்லை. இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் உத்தரமும் தூணுமாய், பல பத்தாண்டுகள் காய்ந்து, இனிச் சுருங்கவும் வெடிக்கவும் ஏதுமில்லாத நிலைக்கு வந்த ஆச்சாவே அவர்களுக்கு வேண்டும். வெளிப்புறத்தைக் கூம்பாய்க் கடைந்து, உட்புறத்தைத் துளைத்து, ஏழு ஸ்வரங்களுக்கும் கண் திறக்க வேண்டும். உள் துளை ஒரு மயிரிழை கோணினாலும் ஸ்வரம் கோணும். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் வேண்டுகோளுக்கு இணங்க, நீளம் கூடிய பாரி நாகஸ்வரத்தில் சுத்த மத்தியமம் பிசகின்றி ஒலிக்கும்படி 1955இல் செய்து கொடுத்தவர் இந்த ஊர் ரங்கநாத ஆசாரி. ராஜரத்தினம் பிள்ளை மறுவருஷமே காலமானார், வாத்தியமோ நிலைத்துவிட்டது. இன்று கச்சேரி மேடையில் நாம் கேட்கும் கம்பீரமான நாதத்தின் ஒரு பங்கு கடைசல் உளியினுடையது. 2022இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு வழங்கினார்கள். எங்கள் பக்கத்திலும் பாலக்காட்டுக்குத் தெற்கே பெருவெம்பு கிராமத்தில் மிருதங்கமும் மத்தளமும் செண்டையும் தயாராகின்றன. தோலைப் புகழ்கிற நாம் தோலுக்குள் இருக்கும் பலாக்கட்டையை நினைப்பதில்லை.

அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான்களை மஞ்சள் கடம்பில் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். கன்னட நாட்டுச் சென்னபட்டணத்தில் வெட்பாலையில். சுழலும் மரத்தின்மேல் சாய அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகிப் பரவுகிறது. பிறகு தாழை மடலை வைத்து அழுத்த, மினுமினுப்பு ஏறுகிறது. தூரிகையும் இல்லை, அடுப்பும் இல்லை. இதையும் முயன்றேன், எனக்குக் கைவரவில்லை.

எனக்குக் கைவந்தது தென்னை. அதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

எங்கள் பிரதேசத்தில் மரம் என்று கையை நீட்டினால் அது தென்னையாகவோ பனையாகவோதான் இருக்கும். ஆனாலும் தென்னையைக் கடைசலுக்கு எடுப்பார் இல்லை. உள்ளே சோறு, வெளியே நார், அது மரத்தில் சேர்த்தியா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைத் தொல்காப்பியர் வெகு காலத்துக்கு முன்பே தீர்த்து வைத்தார். மரபியலில் அவர் தாவரங்களை இரண்டாகப் பிரிக்கிறார்: உள்ளே வைரம் கொண்டவை மரம்; வெளியே வைரம் கொண்டவை புல். முன்னது அகக்காழ், பின்னது புறக்காழ். ஓலை, மடல், பாளை, ஈர்க்கு என்ற உறுப்புப் பெயர்களெல்லாம் புல்லுக்கு உரியவை என்பதும் அவர் வகுத்ததே. இந்தச் சூத்திரங்களை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கினேன், பிள்ளைகள் நெட்டுருப் போட்டார்கள், பரீட்சையில் எழுதினார்கள். அவர்களில் ஒருவரும், அவர்களுக்குப் போதித்த நானும், ஒரு தென்னை மரத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்ததில்லை.

தோப்பில் மின்னல் விழுந்து பட்டுப்போன, என் பாட்டனார் வைத்த தென்னை ஒன்றின் அடிமரத்தை அறுத்து இயந்திரத்தில் ஏற்றிய நாளில், அந்த இலக்கணம் என் மணிக்கட்டில் ஏறியது. பட்டைக்கு உட்புறத்தில் உளி பட்டதும் இரும்பைத் தொட்டாற்போல் கணீரென்றது. ஓரிரண்டு அங்குல ஆழம் வரை அந்தக் கெட்டித்தன்மை நீடித்தது. கருஞ்சிவப்பான மரத்தில் கறுப்பு நார்கள் மழைக்கோடுகளைப்போல நெருங்கி ஓடின. உள்ளே போகப் போக நார்கள் விலகி, நிறம் வெளுத்து, நடுவுக்கு வந்தபோது உளி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கிற்று. தேக்கில் நேர்மாறு: வெளியே மென்மையான வெளிறு, உள்ளே வைரம். அளந்து பார்த்தவர்கள் சொல்லும் கணக்கும் இதற்கு ஒத்து வருகிறது. முதிர்ந்த தென்னையின் அடிப்புறத்து வெளிமரம் கனமீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் நிறுக்கும், நடுச்சோறு 400க்குக் கீழே நிற்கும். தென்னைக்கு ஆண்டு வளையம் கிடையாது, கிளை கிடையாது, ஆகையால் கணுவும் கிடையாது. பருமன் ஏறாமல் உயரம் மட்டும் ஏறுகிற அந்த உடம்பு, காற்றைத் தாங்குவதற்கான பலத்தையெல்லாம் வெளிச்சுற்றில், அதுவும் அடிப்பாகத்தில், வருஷா வருஷம் சேர்த்து வைக்கிறது. அறுபது வயதைத் தாண்டிய மரத்தில்தான் அந்தச் சேமிப்பு முழுமையாகக் கிடைக்கும். இளமரம் உதவாது.

இதைக் கடைவதற்குச் சில நியமங்கள் உண்டு. நடுச்சோற்றைத் தவிர்த்து, வெளிச்சுற்றிலிருந்து சட்டமாக அறுத்துக்கொள்ள வேண்டும். நிழலில், காற்றோட்டத்தில், தரையில் படாமல் அடுக்கிப் பல மாதம் உலர்த்த வேண்டும்; ஈரத்தோடு விட்டால் பூசணம் பிடித்துக் கறுக்கும். இந்த மரத்தில் மணற்சத்து அதிகமாகையால் உளி சீக்கிரம் மழுங்கும். தேக்குக்கு ஒரு முறை சாணை பிடிக்கும் நேரத்தில் தென்னைக்கு நாலைந்து முறை பிடிக்க நேரிடுகிறது. நார்கள் ஊசிபோல் விரலில் ஏறும். உப்புத்தாளைச் சிக்கனமாகப் போட வேண்டும். நாருக்கு இடையிலுள்ள மென்பகுதி முதலில் தேய்ந்து மேற்பரப்பு மேடு பள்ளமாகிவிடும். இத்தனை சிரமத்துக்கும் பிறகு தேங்காயெண்ணெயைத் துணியில் நனைத்துத் தடவினால், அதுவரை மங்கிக் கிடந்த கோடுகள் எழுந்து நிற்கும் அழகை என்னால் வர்ணிக்க இயலாது. கைத்தடிப் பிடி, உளிப் பிடி, சிமிழ், சதுரங்கக் காய்கள் என இதுவரை பலவும் கடைந்துவிட்டேன். உளிகளுக்கெல்லாம் நானே தென்னையில் பிடி போட்டிருக்கிறேன். என் ஆசாரியார் ஒன்றை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது புல்லுன்னு எந்தப் புஸ்தகத்துல மாஷே இருக்குது?" என்று கேட்டார். சொன்னேன். நெடுநேரம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவருடைய பட்டறையிலும் தென்னஞ் சட்டங்கள் உலர்கின்றன.

1882ஆம் வருஷத்துப் பெருவெள்ளத்துக்குப் பின் திருவிதாங்கூரில் ஈராட்டுப்பேட்டைப் பக்கம் முதலில் காணப்பட்ட தென்னை வேர் வாடல் நோய், பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளில் பரவியிருக்கிறது. மருந்து இல்லாத வியாதி அது. இலை மடங்கி, ஓலை மஞ்சளித்து, காய் குறைந்து, கடைசியில் குடியானவன் மனம் நொந்து மரத்தையே வெட்டுகிறான். வெட்டிய மரங்களை ஏற்றிக்கொண்டு செங்கற்சூளைக்குப் போகும் லாரிகளை எங்கள் ரஸ்தாவில் அடிக்கடி பார்க்கிறேன். நோய் குருத்தையும் வேரையும் காயையும் கெடுக்கிறதே ஒழிய, முதிர்ந்த அடிமரத்தின் காழ் அநேகமாகக் கெடுவதில்லை. ஆகையால், மீனாட்சிபுரத்திலும் முதலமடையிலும் கொல்லங்கோட்டிலும் எல்லைக்கு அப்பால் கோபாலபுரத்திலும் தோப்பு வைத்திருக்கும் சகோதரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் பாட்டன் வைத்த தென்னை வெட்டுப்படும் நாளில், தரையிலிருந்து எட்டடியை மட்டும் சூளைக்குக் கொடுக்காமல் அறுத்துத் தனியே வையுங்கள்; பக்கத்தில் எந்த ஊரில் கடைசல் பட்டறை இருக்கிறதென்று விசாரித்து, அதை அங்கே அனுப்பி, ஒரு சாமானுக்காவது கூலி கொடுத்துக் கடையச் சொல்லுங்கள். கொண்டுபோய்ச் சேர்க்க வண்டி இல்லையென்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், நான் வருகிறேன்.